கோடை அட்டவணையில் பராக்குப் பார்க்கவும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. சேலத்தில் ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் கோடை வகுப்புத் தட்டிகள் கட்டியாகிவிட்டன. அபாகஸ், கையெழுத்து, கீபோர்டு, நீச்சல், ஸ்போக்கன் இங்கிலீஷ். காலை ஏழுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று என்று பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்கும் பெற்றோரின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அட்டவணையில் ஒரு வேலைக்கு மட்டும் இடமே விடுவதில்லை. சன்னலோரம் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அது. "என்ன பராக்குப் பார்த்துட்டு இருக்கே?" என்று தோளைத் தட்டிக் கலைத்துவிடுகிறோமே, அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உளவியல் கற்பிக்கும் நாங்கள் அதை வேலை என்றே சொல்கிறோம், காரணம் இருக்கிறது.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் போல அதுவே எடுத்துக்கொள்கிறது. கணக்குப் போடும்போது இந்தச் செலவு எகிறும், சும்மா இருந்தால் அடங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அளந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. கவனமான வேலையில் இறங்கும்போது கூடுகிற செலவு 5 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மார்கஸ் ரைக்கிலும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரை இதை இன்னும் தெளிவாக்கியது. மூளையின் சில பகுதிகள், நாம் ஒரு வேலையில் கவனம் வைக்கும்போது தணிகின்றன. வேலையை விட்டதும் எழுந்துகொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டி ஒரு பகுதி, பின்மண்டைப் பக்கம் நடுக்கோட்டை ஒட்டி இன்னொன்று, இருபுறமும் காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி வேறு சில. பழையதை நினைத்துப் பார்ப்பது, நாளை நடக்கப்போவதை ஒத்திகை பார்ப்பது, அடுத்தவர் மனதில் என்ன ஓடும் என்று ஊகிப்பது, இவை மூன்றிலும் இந்தப் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலைக்குள் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

பகற்கனவின் பெருமை பேசுகிறவர்கள் பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி பாய்ன்கரேயைத் தவறாமல் இழுப்பார்கள். குத்தான்ஸ் என்ற ஊரில் குதிரைவண்டிப் பேருந்தின் படியில் கால் வைத்த கணத்தில், வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, உழைத்துவந்த கணக்கு ஒன்றில் முக்கியமான ஒரு விடை வந்து நின்றது என்று அவரே 1908-இல் ஒரு சொற்பொழிவில் விவரித்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் முன்பாதியையும் பின்பாதியையும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் பதினைந்து நாள் தினமும் மேசையில் உட்கார்ந்து அந்தக் கணக்கோடு அவர் மல்லுக்கட்டியிருந்தார். ஊர் திரும்பியதும் மறுபடி உட்கார்ந்து, வந்த விடை சரிதானா என்று சோதித்தார். முன்னால் உழைப்பு, நடுவில் பராக்கு, பின்னால் சரிபார்ப்பு. நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒன்றும் விளையாது. ஊறப்போடாத அரிசியை எவ்வளவு நேரம் ஆட்டினாலும் மாவு பதம் வராதல்லவா?

ஆகவே இதைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம். பெரியவர்களுக்கானது இது.

முதலில் விஷயத்தை ஒரே வாக்கியக் கேள்வியாகத் தாளில் எழுத வேண்டும். "வீட்டைப் பற்றி யோசிக்கணும்" என்பது கேள்வி ஆகாது. "மாடி அறையை வாடகைக்கு விடுவதா, இன்னொரு தறி போடுவதா?" என்பது கேள்வி. அதன் மேல் 20, 25 நிமிடம் முழுக் கவனத்தோடு உட்கார வேண்டும்: வாடகை எவ்வளவு வரும், தறிக்கு என்ன செலவு, ஆள் யார் என்று. இதற்கு மேல் நகரவில்லை என்ற இடம் வரும். அந்த இடத்தில் நோட்டை மூடிவிட வேண்டும். பல பேர் அங்கேதான் இன்னும் ஒரு மணி நேரம் முட்டிக்கொள்கிறார்கள். எழுந்திருப்பதற்கு முன்னால் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும், பால் கணக்கு முடிக்க வேண்டும் என்று பாக்கி நிற்பவற்றை, எப்போது செய்யப்போகிறோம் என்ற நேரத்தோடு ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடுங்கள். முடிக்காமல் விட்ட வேலைதான் மனதைத் திரும்பத் திரும்பச் சுரண்டும். அதற்கு ஒரு நேரம் குறித்துவிட்டால் சுரண்டல் அடங்கிவிடுகிறது.

பிறகு 10 முதல் 15 நிமிடம் கைக்கு ஒரு வேலை. வெறுமனே உட்காருங்கள் என்று நாங்கள் சொல்லாததற்குக் காரணம், பெரியவர்கள் பலரால் அது முடிவதில்லை. 2014-இல் டிமத்தி வில்சன் குழுவினர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் எதுவும் கொடுக்காமல் விட்டார்கள். விரும்பினால் பொத்தானை அழுத்திச் சின்ன மின்னதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சி வேண்டாம் என்பதற்குக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்பு சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது. கையில் வேலை இருந்தால் அந்தப் பாரம் தெரியாது.

என்ன வேலை? வேர்க்கடலை உரிப்பது, பூத்தொடுப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது, பாத்திரம் துலக்குவது, மெதுவாக நடப்பது. கை தானாக ஓட வேண்டும். தப்பினால் ஆபத்து இருக்கக் கூடாது. காதில் வார்த்தை விழக் கூடாது. இந்த மூன்றாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிவி ஓடினாலும், காதில் பாட்டு ஓடினாலும், உள்ளுக்குள் ஓடும் பேச்சு வெளியிலிருந்து வரும் பேச்சோடு போட்டி போட்டுத் தோற்றுவிடும். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும். பையில் வைத்தால் கை தேடும்.

இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 2012-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சோதனை. செங்கல் போன்ற சாதாரணப் பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டு, நடுவில் 12 நிமிடம் இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் எளிதான, மனம் அலையக்கூடிய வேலை செய்தவர்களுக்கு, முன்பே பார்த்த அதே கேள்விகளில் கூடுதல் யோசனைகள் வந்தன. புதிய கேள்விகளில் அந்தப் பலன் இல்லை. சோதனையைப் பின்னாளில் திரும்பச் செய்தவர்களுக்கு எல்லாம் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டு மாதிரி நம்ப வேண்டாம். ஆனாலும் பாய்ன்கரேயின் பேருந்தும் இந்தச் சோதனையும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: முன்பே முட்டிப் பார்த்த கேள்விக்குத்தான் பராக்கு உதவுகிறது.

முதல் மூன்று நான்கு நிமிடம் குப்பைதான் வரும். விட்டுவிடுங்கள், விரட்டவும் வேண்டாம். ஏதாவது ஒன்று பளிச்சென்று வந்தால் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு சொல்லாகவோ கோட்டுப் படமாகவோ குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், அந்த நேரத்தில் மனம் கையில் பிடித்து வைத்திருக்கக்கூடியவை மூன்று நான்குதான். ஐந்தாவது வந்ததும் ஒன்று கீழே விழும். குறித்ததை அன்றைக்கே எடைபோடாமல் மறுநாள் காலையில் படியுங்கள். பெரும்பகுதி பதர். நெல் நாலைந்து மணி இருந்தால் போதும்.

சேலத்துக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. பட்டுத்தறியில் சேலையின் வேலைப்பாடு இல்லாத உடல் பகுதி ஓடும்போது நெசவாளரின் கையும் காலும் தாளத்தில் போய்க்கொண்டிருக்கும், மனம் எங்கெங்கோ போய் வரும். புட்டாவும் முந்தியும் வரும் இடத்தில் மனம் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால், அறுந்த இழை கண்ணில் படாமல் ஓடி, நெய்ததைப் பிரிக்க வேண்டி வரும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலும் அப்படியே: வளையம் கோக்கும்போது அலையலாம், பற்றவைக்கும் நெருப்பின் முன்னால் கூடாது. ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும்போது சிவந்ததா, பச்சையா என்ற கவனம் மட்டும் போதும், மற்றபடி மனதுக்கு விடுமுறை. அதே தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவருக்கு அரை நொடிகூட அந்தச் சலுகை கிடையாது. விசைத்தறி, இருசக்கர வாகனம், கொதிக்கும் எண்ணெய், கிணற்றடியில் விளையாடும் குழந்தை, இங்கெல்லாம் பகற்கனவு வேண்டவே வேண்டாம்.

இடம் என்று பார்த்தால் சேலம் ஏற்காடு பேருந்துக்கு இணை இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு. கைப்பேசியில் எழுத்தைப் படித்துக்கொண்டே வருகிறவர்களுக்கு நாலாவது வளைவுக்குள் குமட்டும். கண் அசையாத எழுத்தைப் பார்த்து "நிற்கிறோம்" என்கிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "திரும்புகிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததன் விளைவுதான் அந்தக் குமட்டல். சன்னல் வழியாகத் தூரத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். ஆக, வயிற்றுக்கு நல்லது எதுவோ அதுவே பகற்கனவுக்கும் நல்லதாக அமைந்துவிட்டது. மலை ஏற நேரமில்லாதவர்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை இருக்கிறது. தண்ணீரும், நடுவில் திட்டுகளில் இறங்கும் பறவைகளும் கண்ணைப் பிடித்து வைக்கும், ஆனால் இறுக்கிப் பிடிக்காது. கடைவீதியில் ஆரன் சத்தத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவே இது கிடைக்காது.

எதைப் பற்றிக் கனவு காண்பது என்பதிலும் சரி தவறு உண்டு. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு இது முக்கியம். அரசு வேலை கிடைத்து, புது மேசையில் உட்கார்ந்து, ஊரே வந்து வாழ்த்துவதாகக் காணும் கனவு இனிக்கும். படிக்கும் வேகத்தைக் குறைத்தும் விடும். 1999-இல் லியன் பாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் லாஸ் ஏஞ்சல்ஸில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். நல்ல மதிப்பெண் வந்ததாகத் தினமும் மனதில் பார்த்தவர்களைவிட, எந்த இடத்தில் உட்கார்ந்து எப்படிப் படிக்கிறோம் என்று பார்த்தவர்கள் முன்னதாகவே படிக்கத் தொடங்கினார்கள், மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள். நம் ஊரில் பூசலார் நாயனார் கதை தெரியாதவர் இல்லை. திருநின்றவூரில் கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அவர் கும்பாபிஷேகத்தை மட்டும் நினைத்து மகிழவில்லை. மனதாலேயே பொருள் தேடினார், கல் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், தளம் தளமாக உயர்த்தி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறும் குளமும் தோண்டி, மதில் எழுப்பி, அதன் பிறகே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். மனக்கோட்டை கட்டுவதானால் இப்படிக் கட்ட வேண்டும்.

ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன் வகுத்த முறையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆசையை நினை, அது நிறைவேறினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் பார், உடனே குறுக்கே நிற்பது என்ன என்று உனக்குள்ளேயே தேடு, கடைசியில் "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முடி. "காலை அஞ்சு மணிக்கு அலாரம் அடிச்சதும் போனை எடுக்கத் தோணினா, முதல்ல முகம் கழுவிட்டு நோட்டைத் திறப்பேன்." இவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும். "இனி ஒழுங்காப் படிப்பேன்" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி, கெட்டுப்போகும் விதம். மனம் அலைவதெல்லாம் நன்மை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் "இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதம், மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. ஆனால் அதற்குள்ளும் வேறுபாடு உண்டு: இனியதை நினைத்தவர்கள் வேலையில் இருந்தவர்களைவிட மோசமாக இல்லை, இனிப்பும் கசப்பும் இல்லாததை நினைத்தவர்கள் சரிந்தார்கள், கசப்பானதை நினைத்தவர்கள் இன்னும் அதிகமாகச் சரிந்தார்கள். அரைத்த மாவையே அரைப்பது பகற்கனவு ஆகாது. பிரித்தறிவது கடினமில்லை. பகற்கனவில் காட்சி மாறிக்கொண்டே போகும். அரைப்பதில் அதே ஆள், அதே வார்த்தை, அதே அவமானம், "எனக்கு மட்டும் ஏன்" என்ற அதே கேள்வி. மூன்றாவது முறை அதே காட்சி வந்தால் எழுந்துவிட வேண்டும். உட்கார்ந்தபடி நிறுத்தப் பார்த்தால் நிற்காது. தண்ணீர் ஊற்றி முகம் கழுவுங்கள், வாசலுக்குப் போய் யாரிடமாவது பேசுங்கள், அல்லது மனதில் ஓடுவதை அப்படியே தாளில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று குறைவாகப் பேசப்படுகிறது. சிலருக்குப் பகற்கனவு மணிக்கணக்கில் நீண்டு, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். பாட்டுப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தபடியே ஒரு தொடர்கதைக்குள் வாழ்வார்கள். நிறுத்த நினைத்தாலும் முடியாது. இஸ்ரேலைச் சேர்ந்த எலி சோமர் 2002-இல் இதை விவரித்துப் பெயரிட்டார். திட்டினால் கூடும். அப்படி இருப்பவர்களுக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மிக முக்கியமானது இது. வெறித்துப் பார்க்கும் பிள்ளை எல்லாம் கனவு காண்கிற பிள்ளை இல்லை. 4 முதல் 10 வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும் ஒரு வகை வலிப்பு, கை கால் உதறாமல், கீழே விழாமல், வெறும் பார்வையாகவே வந்து போகும். பத்து விநாடி போல நீடிக்கும். ஒரு நாளில் பல முறை வரலாம். பகற்கனவு காணும் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால், தோளைத் தொட்டால் திரும்பும்; சலிப்பான நேரத்தில்தான் அது அப்படி இருக்கும். வலிப்பு என்றால் தொட்டாலும் திரும்பாது. பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவிலோ, ஆசையாகச் சாப்பிடும்போதோ, விளையாட்டின் நடுவிலோகூட வரும். இமை துடிக்கலாம், உதடு அசையலாம். முடிந்ததும் நடந்தது தெரியாமல் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு முறை இப்படிக் கண்டால் கைப்பேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலும் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குக் காது மந்தமாகி, கூப்பிட்டது கேளாமல் இருப்பதையும் "கனவுலகம்" என்று நினைத்து விட்டுவிடுகிறோம். காதையும் சோதிப்பது நல்லது.

இவை இல்லை என்று உறுதியான பிறகு, பிள்ளையை விட்டுவிடுங்கள். நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம், வகுப்பும் திரையும் இல்லாமல். "போரடிக்குது" என்று முதல் நாள் அழும். இரண்டாம் நாளும் அழும். அந்த அழுகைக்குக் கைப்பேசியை நீட்டிவிட்டால் அதற்கு அடுத்து வரவேண்டியது வராமலே போய்விடும். வீட்டில் ஒரு பெட்டி அட்டை, கயிறு, உடைந்த கடிகாரம் கிடந்தால் போதும். பெரியவர் பக்கத்தில் இருக்கலாம், யோசனை சொல்லக் கூடாது.

பள்ளி திறந்த பிறகு ஆசிரியர்கள் செய்யக்கூடியது இன்னும் சின்னது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே ஆசிரியர்கள் விட்ட நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். கட்டுரை எழுதச் சொல்லும்போது முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் சன்னலைப் பார்க்க விடுங்கள்.

நகரை நிர்வகிப்பவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. பூங்காவிலும் ஏரிக்கரையிலும் இருக்கைகளைப் பாதையைப் பார்த்துப் போடாமல், தண்ணீரையும் மரத்தையும் பார்த்துப் போடுங்கள். நிழல் வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம். பேருந்து நடத்துநர்கள் மலைப்பாதையிலாவது பாட்டின் ஒலியைக் குறைத்தால் நல்லது. பயணிகள் கேட்டால் பெரும்பாலும் குறைக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

கடைசியாக உங்களிடம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் வண்ணம் தீட்டப் படமும், புள்ளியை இணைக்கக் கட்டமும் போடுகிறீர்கள். இந்தக் கோடை முடியும் வரை, வாரம் ஒரு முறை, உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டத்தை ஒன்றும் அச்சிடாமல் வெள்ளையாக விடுங்கள். கீழே ஒரு வரி போதும்: "பத்து நிமிடம் சன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டு வந்து நிரப்பவும்."

இப்படிக்கு,
உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.